புள்ளி தொலைந்த ஊர்

எல்லையோர எழுத்துகளின் வரலாறு – பகுதி 12

சென்ற பகுதியை 1956 நவம்பர் 1ஆம் தேதியில் நிறுத்தியிருந்தேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டுப் போராடிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது. ஆனால் காரக்கோணம், குன்னத்துகால், வெள்ளறடை, செங்கல், பொழியூர் என எல்லையை ஒட்டிய ஊர்களில் பெண் கொடுப்பதும் எடுப்பதும், நிலம் வாங்குவதும் விற்பதும் அந்தக் கோட்டைப் பார்த்து நடக்கவில்லை. ஆட்கள் கடந்தால் அவர்களுடைய காகிதங்களும் கடக்க வேண்டும். திருவிதாங்கூரின் ஆட்சிமொழி மலையாளமாக இருந்ததால் குமரி மாவட்டத்துப் பழைய பத்திரங்கள் மலையாளத்தில் கிடக்கின்றன. இந்தப் பக்கம் வந்த பிறகு எழுதியவை தமிழில். கம்ப்யூட்டர் வரும்வரை இரண்டு எழுத்தும் தெரிந்த ஒருவர் ஒன்றைப் படித்து மற்றதில் எழுதிக் கொடுத்தார். இன்று அந்த வேலை மென்பொருளிடம் போயிருக்கிறது. ஓர் அலுவலகத்துப் பட்டியலை இன்னோர் அலுவலகத்து இணையச் செயலி வாங்கிக்கொள்ளும்போது, பெயர், ஊர், சர்வே எண் என ஒவ்வொன்றையும் அடையாளக் குறிகளுக்கிடையே பொதிந்து அனுப்புவதற்குப் பரவலாகப் பயன்பட்ட வடிவம் எக்ஸ்எம்எல். 1998 பிப்ரவரியில் இது இணையத்தின் பொதுத்தரமாக வெளியிடப்பட்டது. அந்தக் கைமாற்றத்தில் தமிழ், மலையாள எழுத்துகளுக்கு என்ன நேர்கிறது, ஏன் நேர்கிறது என்பதே இந்தப் பகுதியின் பொருள்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து எழுதும்போது கெடுவதில்லை, படிக்கும்போதும் கெடுவதில்லை, கைமாறும்போது கெடுகிறது. எந்த முறையில் எழுதப்பட்டது என்ற அறிவிப்பு எழுத்தோடு சேர்ந்து போகாத இடத்தில்தான் இழப்பு நேர்கிறது. ஆகவே திருத்தவும் அங்கேதான் வேண்டும். பெட்டி பெட்டியாகவும் கேள்விக்குறியாகவும் திரையில் தெரிவதைப் பார்த்து எழுத்துருவை மாற்றிக்கொண்டிருப்பது நோய் ஓரிடத்திலும் மருந்து ஓரிடத்திலுமாக முடிகிறது. இதைக் கம்ப்யூட்டர் காலத்துச் சங்கதியாக மட்டும் பார்ப்பவர்களுக்கு முக்கால்வாசி தெரியாமலே போய்விடும். இந்த எல்லை வட்டாரம் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாக இதே சிக்கலோடு வாழ்ந்திருக்கிறது.

களியக்காவிளையைத் தாண்டி முஞ்சிறைக்குப் போனால் பார்த்திபபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்றுநிலம் கொடுத்து இடம் பெற்று, அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, காந்தளூர்ச்சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்கள் எனும் மாணவர்கள் தங்கிப் படிக்கும் கல்விச்சாலை ஒன்றையும் நிறுவினான். இதைச் சொல்லும் செப்பேடு திருவனந்தபுரத்து ஹுசூர் கச்சேரியில் இருந்ததால் ஹுசூர் அலுவலகச் செப்பேடு என்று பெயர் பெற்றது. அதன் காலத்தை நாம் கி.பி. 866 என்று உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அரசனின் ஆட்சியாண்டோடு நிறுத்தாமல், கலியுகம் தொடங்கி 14,49,087 நாள் சென்றது என்று அந்தச் செப்பேடே கூறுவதுதான். எண்ணைக் கொடுத்தவர், எந்தக் கணக்கில் எண்ணியது என்பதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். ‘இன்ன அரசனுக்கு யாண்டு நாலு’ என்று மட்டும் சொல்லும் கல்வெட்டுகளில் அந்த அரசன் எந்தக் காலத்தவன் என்பதற்கே அறிஞர்கள் ஒரு தலைமுறை வாதாட வேண்டியிருக்கிறது. அதிலும் எண் கெடவில்லை. கணக்கின் பெயர் எண்ணோடு வரவில்லை, அவ்வளவுதான்.

இனி எழுத்து. இந்த வட்டாரத்துப் பழங்கல்வெட்டுகள் பல வட்டெழுத்தில் இருக்கின்றன. வடசொல் வரும் இடத்தில் அதே வரியில் கிரந்த எழுத்து புகும்; மாறுகிறது என்று எந்தக் குறியும் இருக்காது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் பெரும்பாலும் வேறுபாடு காட்டுவதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமானது புள்ளி. இலக்கணம் மெய்யெழுத்துக்குப் புள்ளி விதித்திருந்தும், கல்லிலும் செம்பிலும் வெட்டியவர்கள் அதை அபூர்வமாகவே இட்டார்கள். கல்லில் ‘க’ இருந்தால் அது க–வா, க்–ஆ என்று படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். வெட்டிய காலத்தில் இது குறையாகத் தோன்றியிருக்காது. வெட்டியவரும் படித்தவரும் ஒரே ஊர், ஒரே பழக்கம். அந்தப் பழக்கம்தான் எழுதப்படாத அறிவிப்பாக இருந்தது. தலைமுறைகள் மாறி, வட்டெழுத்துக் கோலெழுத்தாகவும் தெற்குத் திருவிதாங்கூரில் மலையாண்மையாகவும் உருமாறி, பிறகு கிரந்தத்திலிருந்து வந்த இன்றைய மலையாள எழுத்து நிலைத்தபோது, பழக்கம் போய்விட்டது. கல் மட்டும் நின்றது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் சுருணை சுருணையாகத் திருவனந்தபுரத்து ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. ஓலை நன்றாக இருக்கிறது, கீறல் தெளிவாக இருக்கிறது, மலையாளம் தாய்மொழியாகப் பேசுபவரால் ஒரு வரி படிக்க முடியவில்லை. 1890களில் பெ. சுந்தரம் பிள்ளை வேணாட்டு அரசர்களின் கல்வெட்டுகளைத் தேடிப் படித்ததும், 1908க்குப் பிறகு து.அ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையைக் கொண்டுவந்ததும் அந்த அறுந்த பழக்கத்தை மீட்டெடுத்த முயற்சிகள்.

அச்சுக் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். இரண்டு மாநிலங்களும் எழுத்துச் சீர்திருத்தம் செய்தன. கேரளம் 1971இல், தட்டச்சுக்கும் அச்சுக்கும் ஏற்ப, கூட்டெழுத்துகளைப் பிரித்து எழுதச் சொன்னது. தமிழ்நாடு 1978இல் பெரியார் வழியிலான சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. பாறசாலை என்ற பெயரின் கடைசி எழுத்தான ‘லை’ அன்றுதான் யானைத் துதிக்கையைக் கழற்றியது. இந்த இரண்டிலும் மாறியது உருவம்; எழுத்து எது என்ற அடையாளம் மாறவில்லை. உருவம் வேறு, அடையாளம் வேறு என்ற இந்தப் பிரிவைக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் பலர் மறந்தார்கள், அதன் விலையை இன்றும் கொடுக்கிறோம்.

கம்ப்யூட்டரில் எழுத்து என்பது எண். எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணைக்குக் குறியேற்றம் என்று பெயர். இந்தியத் தர நிறுவனம் 1991இல் வெளியிட்ட இஸ்கி என்ற குறியேற்றத்தைப் பாறசாலைக்காரர் ஒருவரின் கண்ணால் பார்க்க வேண்டும். தேவநாகரி, தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாம் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணையை அது வைத்தது. தமிழ்க் ககரத்துக்கும் மலையாளக் ககரத்துக்கும் ஒரே எண். எந்த எழுத்தில் காட்டுவது என்பதை, 239 என்ற பைட்டும் (0 முதல் 255 வரை அடங்கும் எண்ணலகு) அதன் பின் வரும் இன்னொரு பைட்டும் சொல்லும். அந்த இரண்டாம் பைட்டு 68 என்றால் தமிழ், 73 என்றால் மலையாளம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் ஊர்ப் பட்டியல் முழுவதற்கும் மொழி அடையாளம் அந்த ஒரே பைட்டில் தொங்கியது. அது வழியில் உதிர்ந்தால் கோப்பு கெடாது, பிழை என்று எதுவும் சொல்லாது. வாங்குகிற கணினி எந்த எழுத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறதோ அந்த எழுத்தில் வந்து நிற்கும். இஸ்கியை வடிவமைத்தவர்கள் மொழிகளின் உறவை நன்றாகப் புரிந்தவர்கள். அறிவிப்பைத் தனியே வைத்ததும் அவர்கள்தான். அறிவிப்பு இல்லாமலே கோப்பு நகர முடியும் என்று விட்டதில்தான் ஓட்டை.

தொண்ணூறுகளில் தமிழர் கைக்கு இணையம் வந்தபோது இஸ்கி அவர்களிடம் எடுபடவில்லை. எழுத்துருவுக்குள்ளேயே குறியேற்றத்தை வைத்துக்கொண்டார்கள். பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு, நிறுவனத்துக்கு ஓர் எழுத்துரு. இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட, மின்னஞ்சல் குழுக்களில் பேசி உருவாக்கப்பட்டது திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு தாப், தாம் என்ற இரண்டை ஏற்றது. இவற்றில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டன. ‘நெ’ எழுத வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு ந. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியேற்றமான யூனிகோடு ஒலியின் வரிசையைப் பின்பற்றியது: முதலில் ந, பிறகு எகரக் குறி. எனவே நெய்யாற்றின்கரையைத் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. முதல் எழுத்தின் கொம்பையும் கடைசி எழுத்தின் ஐகாரக் குறியையும் பிடித்துப் பின்னால் நகர்த்த வேண்டும். எல்லையின் மறுபுறத்திலும் இதே கதைதான். மலையாள அலுவலகக் கோப்புகள் எம்எல்–டிடி வகை எழுத்துருக்களில் கிடந்தன. இத்தகைய எட்டு பிட்டுக் குறியேற்றங்களின் பெரிய ஆபத்து அவற்றின் மௌனம். 0 முதல் 255 வரை ஏறக்குறைய எல்லா எண்ணும் ஏதோ ஓர் எழுத்தாக இருப்பதால், தவறான அட்டவணையை வைத்துப் படித்தாலும் கணினி பெரும்பாலும் எதையும் மறுக்காது. குப்பையை ஒழுங்காக அச்சடித்துத் தரும்.

இந்த மௌனத்தைக் கலைத்தது யுடிஎஃப்–8. யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் இந்த முறையை 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்தார்கள். தமிழுக்கும் மலையாளத்துக்கும் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. தமிழ் ‘ந’ என்பது 224, 174, 168. மலையாள நகரம் 224, 180, 168. முதல் பைட்டும் கடைசிப் பைட்டும் ஒன்றே. எந்த மொழி என்பது நடுப் பைட்டில் இருக்கிறது. இஸ்கியில் கோப்புக்கு ஒருமுறை சொன்ன அடையாளம் இங்கே ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது. அதோடு 224 வந்தால் பின்னால் இரண்டு பைட்டு வர வேண்டும், அவை 128க்கும் 191க்கும் இடையில் இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், கெட்டுப்போன எழுத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது. எக்ஸ்எம்எல்–ஐ வகுத்தவர்கள் இதைப் பற்றிக்கொண்டார்கள். கோப்பின் முதல் வரியிலேயே குறியேற்றத்தின் பெயரைச் சொல்லலாம். சொல்லாவிட்டால் யுடிஎஃப்–8 என்று கொள்ளப்படும். சொன்னதற்கு மாறாக ஒரு பைட்டு வந்தாலும் கோப்பைப் படிக்கும் நிரலான பார்சர் அங்கேயே நின்றுவிட வேண்டும். எச்டிஎம்எல் பக்கத்தில் உலாவி ஊகித்து எதையாவது காட்டிவிடும். எக்ஸ்எம்எல்–இல் அந்த ஊகத்துக்கு இடமில்லை.

இப்போது நம் இரண்டு ஊர்களை இந்தப் பாதையில் அனுப்பிப் பார்க்கலாம். பாறசாலை ஏழு குறிகள், 21 பைட்டு. நெய்யாற்றின்கரை பதினைந்து குறிகள், 45 பைட்டு. இரண்டும் யுடிஎஃப்–8இல் சரியாகக் கிளம்புகின்றன. வழியில் ஒரு நிரல், வருவது விண்டோஸ்–1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியேற்றம் என்று எண்ணிப் படிக்கிறது. ‘ந’ என்ற ஓரெழுத்து மூன்று எழுத்தாகிறது: தலையில் சாய்கோடு தாங்கிய லத்தீன் ஏ, வட்டத்துக்குள் ஆர், பக்கம் பக்கமாக இரண்டு புள்ளி. தமிழ்ப் பக்கங்கள் திடீரென்று வட்டத்துக்குள் ஆர் மயமாகத் தெரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 174 என்ற தமிழின் நடுப் பைட்டுத்தான் அது. பார்க்க அலங்கோலமாக இருந்தாலும் இந்த நிலையில் எதுவும் தொலையவில்லை. திருப்பிப் போட்டால் மீண்டும் ‘ந’ வந்துவிடும். தொலைவது வேறிடத்தில். விண்டோஸ்–1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து எண்களுக்கு எழுத்தே இல்லை. அந்த எண் வந்தால் பல மென்பொருள்கள் கேள்விக்குறியைப் போட்டுவிட்டு மேலே போகும். தமிழ்ப் புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. அதே வேலையைச் செய்யும் மலையாளச் சந்திரக்கலையின் பைட்டுகள் 224, 181, 141. இரண்டின் கடைசிப் பைட்டும் அந்த வெற்றிடத்தில் விழுகிறது. பாறசாலையில் புள்ளி இல்லை, மற்ற ஆபத்தான குறிகளும் இல்லை. அது முழுதாகப் போய் முழுதாகத் திரும்பும். நெய்யாற்றின்கரையில் ய், ற், ன் என்று மூன்று புள்ளி. மூன்றும் போய்விடும். திருப்பிப் போடும்போது 224, 175 என்று வந்து அடுத்து கேள்விக்குறியின் எண்ணான 63 நிற்கும். அது 128க்குக் கீழே. எக்ஸ்எம்எல் பார்சர் ஊர்ப்பெயரின் நாலாவது குறியிலேயே, முதல் புள்ளியிலேயே, பிழை என்று சொல்லி நின்றுவிடும். பட்டியலில் பாறசாலைக்காரர்கள் எல்லோரும் ஏறி, நெய்யாற்றின்கரைக்காரர்களில் முதல் ஆளிலேயே வேலை நின்றுபோனால், காரணம் இந்த ஒற்றைப் பைட்டாக இருக்கலாம். கல்லில் வெட்டியவர் இடாமல் விட்ட அதே புள்ளியை, அட்டவணையில் இடமில்லாத ஓர் எண் மறுபடியும் பறித்துக்கொள்கிறது.

இங்கே சிலர் கேட்பார்கள்: புள்ளியில்லாத கல்வெட்டையே அறிஞர்கள் படித்துவிட்டார்களே, புள்ளி போன பட்டியலைப் படிக்க முடியாதா? ஊகித்து நிரப்ப ஒரு நிரல் எழுதினால் போகிறது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கல்வெட்டின் பலம் தொடர்ச்சி. நிலம், எல்லை, நெல்லளவு, சாட்சிகள் என்று வாக்கியம் ஓடும். முன்னும் பின்னும் பார்த்துப் புள்ளியை இட்டுக்கொள்ளலாம். பட்டியலின் பெயர்க் கட்டத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதிலும் புள்ளி மட்டும் போகவில்லை. உகரக் குறியின் பைட்டுகள் 224, 175, 129. அதன் கடைசி எண்ணுக்கும் அட்டவணையில் இடமில்லை. ஆகவே புள்ளி போன இடமும் உகரம் போன இடமும் ஒன்றுபோல 224, 175, கேள்விக்குறி என்றே நிற்கும். இந்த வட்டாரத்தில் பால் என்றும் ஆண்களுக்குப் பெயருண்டு, பாலு என்றும் உண்டு. இருவரும் ஒரே பைட்டு வரிசையாகிவிட்ட பிறகு எந்த அறிவும், இயற்கையானதோ செயற்கையானதோ, அவர்களைப் பிரித்துக் காட்ட முடியாது. ஏ, ஐ என்ற உயிரெழுத்துகளுக்கும் இதே கதி, அவை 143இலும் 144இலும் முடிகின்றன. ஊர்ப்பெயரை ஊகித்துவிடலாம், தாலுகா அட்டவணை இருக்கிறது. மனிதரின் பெயரை ஊகித்து அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றுவது நியாயமில்லை.

இன்னோர் ஆட்சேபம் மென்பொருள் எழுதுபவர்களிடமிருந்தே வரும். கொடுப்பதில் கண்டிப்பு, வாங்குவதில் தாராளம் என்பது இணையத்தை வளர்த்த ஜான் போஸ்டலின் கொள்கை. ஒரு பைட்டுக்காகக் கோப்பு முழுவதையும் மறுப்பது கொடுமையல்லவா என்பார்கள். 1997 முதலே எக்ஸ்எம்எல்–ஐச் சுற்றி இந்த விவாதம் நடந்திருக்கிறது. செய்தி படிக்க வந்தவருக்குத் தாராளம் நல்லது, ஓரெழுத்துப் போனால் செய்தி போகாது. பதிவேட்டுக்குத் தாராளம் ஆபத்து. கேள்விக்குறியோடு ஏறிய பெயர் அடுத்த அலுவலகத்துக்குப் போய், அங்கே யாரோ தம் ஊகப்படி திருத்தி, அந்தத் திருத்தம் மூலமாகிவிடும். நின்றுபோன கோப்பைப் பற்றி யாராவது அன்றைக்கே கேட்பார்கள். ஓடிவிட்ட தவறு, அந்த ஆள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் நாள்வரை வெளியே வராது. பார்சர் நிற்பதை நான் வரவேற்கிறேன். நின்ற இடம் தவறு நடந்த இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பது எல்லையோரத்தில் அடிக்கடி கேட்கும் தீர்வு. லண்டன் மிஷன் சங்கத்தாருக்குப் பாறசாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிலையம் இருந்தது. அச்சங்கத்தின் மிஷனரி ஜான் ஆப்ஸ் அங்கே ஆண்டுக்கணக்கில் இருந்தவர். அவர்களுடைய ரோமன் எழுத்துக்கூட்டலை வாசித்தால் ‘பரேய்ச்சாலே’ என்பதுபோல வருகிறது. இன்றைய ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் கூட்டல் வேறு. ரோமன் எழுத்தில் ர, ற வேறுபாடு போய்விடுகிறது. நெய்யாற்றின்கரையின் ‘ற்ற’ இரண்டு டி ஆகிறது, வெளியூர்க்காரர் அதை ‘ட்ட’ என்றோ ‘த்த’ என்றோ படிக்கலாம். பைட்டு கெடாது, உண்மை. ஆனால் அந்தத் தீர்வு இழப்பைத் தடுக்கவில்லை. குறியேற்றத்தில் நேரக்கூடியதை எழுத்துக்கூட்டலிலேயே நிச்சயமாக நேரவைக்கிறது.

வலுவான ஆட்சேபம் ஒன்று மீதமிருக்கிறது. எல்லோரும் யூனிகோடுக்கு வந்தாயிற்று. 2010இல் தமிழ்நாட்டரசும் அதை ஆணையாக ஏற்றுவிட்டது. இன்னும் எதற்கு அறிவிப்பு, கைமாற்றம் என்ற பேச்சு? யூனிகோடு வந்த பிறகும் வழியில் உள்ளவர்கள் அதை அறிய வேண்டும். 2001இல் வந்த ஆர்எஃப்சி 3023 என்ற நெறிமுறை, டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல் என்ற வகையில் அனுப்பப்படும் கோப்புக்கு, செர்வரின் தலைப்பில் குறியேற்றம் சொல்லாவிட்டால் அது ஆங்கில எழுத்துகள் மட்டுமே அடங்கிய ஆஸ்கி என்று விதித்தது. கோப்பின் உள்ளே யுடிஎஃப்–8 என்று எழுதியிருந்தாலும் செல்லாது. உறைமேல் எழுதாததை உள்ளிருக்கும் கடிதம் சொன்னாலும் நம்பாதே என்ற இந்த விதி 2014இல் ஆர்எஃப்சி 7303 வந்த பிறகுதான் நீங்கியது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், வேறு சொல்லாவிட்டால் லத்தீன்–1 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியேற்றம் என்று கொள்ளும் பழக்கத்தை 2018இல் வந்த 8.0 பதிப்பு வரை விடவில்லை. அதற்கு முன் சேர்ந்த பதிவுகள் இன்னும் அப்படியே இருக்கக்கூடியவை.

அறிவிப்பு சரியாக இருந்தும் தீராத சிக்கல் ஒன்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நெய்யாற்றின்கரையை மலையாளத்தில் எழுதும்போது நடுவில் சில்லெழுத்து (மெய்க்கான தனி உருவம்) ‘ன்’ வருகிறது. 2008 வரை அதை நகரம், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பி ஒன்று என மூன்று குறிகளாக எழுதினார்கள். அந்த ஆண்டு வந்த யூனிகோடு 5.1, சில்லெழுத்துகளுக்குத் தனி எண்கள் கொடுத்தது. கேரளத்தில் ரசன, சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் போன்ற அமைப்புகள் கடுமையாக எதிர்த்தும், நீண்ட விவாதத்துக்குப் பின் அது நடந்தது. பழைய முறையில் தாலுகாவின் பெயர் 45 பைட்டு, புதிய முறையில் 39. திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். இரண்டும் யுடிஎஃப்–8, இரண்டும் செல்லும், பார்சர் எதையும் மறுக்காது. ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. கொல்லங்கோடு என்பதன் ‘கொ’வை ஒரே ஒகரக் குறியாகவும், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். அங்கே இரண்டும் சமம் என்று யூனிகோடே அறிவித்திருப்பதால் இயல்பாக்கம் என்ற ஒழுங்குபடுத்தல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சில்லெழுத்துக்கு அந்தச் சமநிலை அறிவிக்கப்படவில்லை. நிரல் எழுதுபவர்தான் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த இணைப்பியின் பைட்டுகள் 226, 128, 141 என்பதால், பழைய முறையில் எழுதிய பெயர் விண்டோஸ்–1252 வழியில் போனால் அதுவும் சேர்ந்து அழியும்.

பிழை தேடுகிற வேலைக்குக் கல்வெட்டறிஞர்களின் ஒழுங்கே சரியான வழி என்று எனக்குப் படுகிறது. அவர்கள் கல்லின் மேல் சுண்ணாம்பால் எழுதிப் பார்ப்பதில்லை. முதலில் மைப்படி எடுக்கிறார்கள், ஊகமெல்லாம் அதற்குப் பிறகு. எழுத்துக் கெட்ட எக்ஸ்எம்எல் கோப்பிலும் திரையை நம்பாமல் பைட்டுகளை எண்களாகவே பார்க்க வேண்டும். 224க்குப் பின் 174 அல்லது 175 என்று ஓடினால் தமிழ் நலமாக இருக்கிறது, கோளாறு அதற்கு அப்பால், காட்டுகிற இடத்திலோ எழுத்துருவிலோ. 195, 160 என்ற இணை திரும்பத் திரும்ப வந்தால் 224 என்ற பைட்டை யாரோ எழுத்தாக எண்ணி மறுபடியும் யுடிஎஃப்–8 ஆக்கியிருக்கிறார்கள். லத்தீன்–1 வழியாக அப்படி நடந்திருந்தால் பாறசாலையின் 21 பைட்டு 42 ஆகியிருக்கும், ஒருபடி பின்னால் திருப்பினால் முழுதும் மீளும். 175க்குப் பின் 63 நின்றால் அந்த எழுத்துப் போனது போனதுதான், மூலக் கோப்பைத் தேட வேண்டும். அதன் பிறகு பாதையில் ஒவ்வொரு கைமாற்றமாகப் பின்னோக்கி நடக்க வேண்டும்: செர்வர் தலைப்பு, கோப்பின் முதல் வரி, தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பு, தரவுத்தளத்தின் பத்தி. முதல் வரி உண்மையிலேயே முதலில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அறிவிப்புக்கு முன் ஒரு வெற்று வரி நழுவி வந்திருந்தாலும் பார்சர் மறுக்கும். முழுதாக நுழைந்த எழுத்துக் குறையாக வெளியேறும் இடம் எதுவோ அங்கே கைவைத்தால் போதும்.

இதே எக்ஸ்எம்எல் இப்போது கல்வெட்டுகளிடமே திரும்பி வந்திருக்கிறது. தெற்காசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளுக்காக 2019இல் தொடங்கிய ஐரோப்பிய ஆய்வுத் திட்டமான தர்மா, தமிழ்க் கல்வெட்டுகளையும் எபிடாக் என்ற எக்ஸ்எம்எல் முறையில் பதித்திருக்கிறது. வட்டெழுத்துக்கு யூனிகோடில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. எனவே வட்டெழுத்துக் கல்வெட்டை வேறோர் எழுத்தில்தான் தட்டச்சுச் செய்ய வேண்டும். மூல எழுத்து எது என்பதைக் கோப்பு தனியாகச் சொல்லாவிட்டால் அந்தச் செய்தி போய்விடும். அச்சான பழைய பாடங்களில் கல்லில் இருந்த புள்ளியும் பதிப்பாசிரியர் இட்ட புள்ளியும் பெரும்பாலும் ஒன்றுபோலவே நிற்கின்றன. எபிடாக்கில் தெளிவில்லாத எழுத்துக்கு ஒரு குறி, பதிப்பாசிரியர் நிரப்பியதற்கு வேறொரு குறி. பார்த்திபபுரத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கல்வெட்டுகளை அப்படிப் பதித்தால், எந்தப் புள்ளி ஒன்பதாம் நூற்றாண்டுக்காரருடையது, எந்தப் புள்ளி நம்முடையது என்று படிப்பவர் பார்த்துக்கொள்ளலாம்.